நாலு மணிக்கு உன் வீட்டுக்குப் பேசினேன்

இன்று காலை ஸ்டோரிலிருந்து அந்தக் கறுப்பு டெலிபோனைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்தார்கள். மறுபடி ஒத்திகையாம். தொற்று வந்தால் எந்த வார்டைக் காலி செய்வது, எந்த வாசலை அடைப்பது, யார் எங்கே நிற்பது என்று மூன்று நாளாக ஆஸ்பத்திரி முழுக்கக் காகிதமும் கையுமாக அலைகிறார்கள். ரிசீவரின் முதுகில் நீ ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது. ‘மெதுவா பேசு’ என்று உன் கோணல் கையெழுத்து. பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. தூசியைத் துடைத்து வயரைச் செருகினேன்.

உனக்கும் எனக்கும் நோயாளிகளோடு என்ன வேலை? நீ இந்த ஆஸ்பத்திரிக் கல்லூரியின் அனாட்டமி துறையில் எலும்புகளுக்கும் கண்ணாடி ஜாடிகளுக்கும் காவல். நான் பக்கத்து அறையில் மாணவர் வருகைப் பதிவு எழுதுகிற குமாஸ்தா. திருத்தணி மலைக்கு வரும் காவடிக் கூட்டம்கூட நின்றுபோன அந்த வருடம், மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எல்லாத் துறை டாக்டர்களையும் மாடி வார்டுகளுக்கு ஏற்றிவிட்டார்கள். மிச்சமிருந்த நம் இருவரையும் காலி வகுப்பறையில் உட்காரவைத்து, உள்ளே படுத்திருப்பவர்களின் வீடுகளுக்குத் தினமும் நாலு மணிக்கு நிலவரம் சொல்லச் சொன்னார்கள். வீட்டார் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. அவர்களுக்கென்று இருந்தது நம் குரல் மட்டும்தான்.

நீ பள்ளிப்பட்டுக்காரன். அந்தப் பக்கம் ‘ஹலோ’ சொல்லும் தோரணையிலேயே தமிழா தெலுங்கா என்று பிடித்துவிடுவாய். நானோ தாளில் இருக்கும் ஆக்சிஜன் அளவை ரயில் அறிவிப்பு மாதிரி வாசிப்பேன். “இன்னா பாவா, அரக்கோணம் ஸ்டேஷன்லயா உக்காந்துகினு கீற?” என்று உன் ஊர்த் தெலுங்கில் மச்சான் முறை வைத்துக் கிண்டல் பண்ணுவாய். நீ முதலில் வார்டு நர்ஸைக் கூப்பிட்டு, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு சின்ன விஷயம் கேட்டு வைத்துக்கொள்வாய். கண்ணாடி கேட்டார், தலை வாரிவிடச் சொன்னார், இப்படி ஏதாவது. பொதட்டூர்பேட்டையில் தறி போட்டிருக்கும் ஒரு அம்மா, தன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி இட்லியைத் திட்டினார் என்று கேட்டதும் சிரித்த சிரிப்பு, உன் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

ஒருநாள் வார்டில் யாரும் போனை எடுக்கவில்லை. எதையாவது நல்லதாகச் சொல்லி வைத்துவிடேன் என்றேன். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லு பாவா. நாமளா ஒண்ணும் சொல்லக்கூடாது” என்றாய்.

பிறகு நீயே நோயாளியாக மாடிக்குப் போனாய். உன் வீட்டு நம்பர் என் பட்டியலில் வந்தது. எட்டு நாள் உன் மனைவியிடம் பேசினேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். “சொல்லுங்கண்ணா” என்பாள் தங்கச்சி, வேறு எதுவும் கேட்கமாட்டாள்.

ஒன்பதாம் நாள் வார்டில் பதில் இல்லை. மூன்று தடவை முயன்றேன். நாலரை ஆனதும் தங்கச்சியே கூப்பிட்டுவிட்டாள். “இன்னாண்ணா, இன்னிக்கு லேட்டு?” என்றாள். அந்தக் குரலிடம் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நல்லா கீறான்மா. ரெண்டு டம்ளர் கஞ்சி குடிச்சான். உன்னத்தான் கேட்டுகினு இருந்தான்.”

ஆறு மணிக்கு நர்ஸ் பேசினாள். மதியமே உன் தொண்டையில் குழாய் போட்டு மயக்கத்தில் வைத்துவிட்டார்களாம். காலையிலிருந்தே உனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லையாம். அதன் பிறகு நீ கண் திறக்கவில்லை, மூன்றாம் நாள் போய்விட்டாய். குழாய் போட்டதை மறுநாள் தங்கச்சியிடம் சொன்னேன். எப்போது போட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. உன் சாவுக்கு நான் அழவில்லை. வெட்கம்தான் இருந்தது. இப்போது அதுவும் மரத்துப்போயிற்று.

இன்று ஒத்திகைக்கு வந்த நான்கு பேருக்கு எப்படிப் பேசுவதென்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வார்டில் யாரும் எடுக்காவிட்டால் என்ன செய்வது சார் என்று ஒரு பெண் கேட்டாள். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா” என்றேன். என் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

போன ஞாயிறு உன் நினைவு ஜெபம். இந்தத் தடவை தங்கச்சியிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பள்ளிப்பட்டு பஸ் ஏறினேன். உன் மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. ஜெபம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, தங்கச்சி மாப்பிள்ளையிடம் உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கடைசியா ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சிட்டு, என்னத்தான் கேட்டுகினு இருந்தாரு. அந்த ஒரு வார்த்தய வெச்சிகினுதான் நான் உயிரோட இருக்கேன். அண்ணனக் கேளுங்க, அவருதான் சொன்னாரு.”

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். தங்கச்சியும் பார்த்தாள். சொல்ல வந்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஒண்ணு இல்லம்மா, ரெண்டு டம்ளர்” என்றேன்.