நாம் சேர்ந்து ஏறாத மலை

என் அன்பு மச்சான் நேசா,

நலமா என்று உன்னிடம் கேட்டுப் பயனில்லை. ஆகவே நேரே வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

நீ கண்மூடிய முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலரில் நான் பொய் எழுதிவிட்டேன். ஸ்பெயினின் மெனோர்க்காத் தீவில் நீயும் நானும் சைக்கிள் ஓடி, மலை உச்சியில் நின்று மத்தியதரைக் கடலைப் பார்த்துக் கண்கலங்கியதாக ஒன்றரைப் பக்கம். நீ போனது தனியாக. நான் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு லண்டனில், சட்டனில் என் வீட்டுச் சோபாவில் படுத்திருந்தேன். முழங்கால் நல்ல சுகமாகத்தான் இருந்தது.

ஏன் எழுதினேன்? நம் சனத்தின் நினைவு மலர்களில் இறந்தவரோடு யார் அதிக நெருக்கம் என்று ஒரு போட்டி நடக்கும், உனக்குத் தெரியாததா? விம்பிள்டன் கோயிலில் உன்னை இரண்டு தரம் கண்டவர்கூட ‘என் உயிர்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். முப்பது வருசம் பழகிய நான் சும்மா விடுவேனா?

மலர் வந்து மூன்றாம் கிழமை, ரெய்னர்ஸ் லேனிலிருந்து உன் மனைவி சுகந்தி போன் எடுத்தாள். உங்கள் மகள் தாரிணிக்கு அப்பா ஏறின மலையைப் பார்க்க வேண்டுமாம். எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாயிற்றாம். “நீங்கள்தானே அண்ணை வழி தெரிஞ்ச ஆள்,” என்றாள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல வாய் இருந்தது எனக்கு?

உன் மகள் இப்போது பல் வைத்தியர். சைக்கிளையும் அப்படித்தான் ஓடுகிறாள், எதிரே இருப்பவனின் வேதனையைக் கண்டுகொள்ளாமல். தீவில் முதல் நாளே சைக்கிள் இருக்கையும் என் உடம்பும் தீராப் பகையாகிவிட்டன. வீதியின் குறுக்கே ஓர் ஆமை போனபோது இருவரும் இறங்கி நின்றோம். இன்னும் கொஞ்சம் ஆறுதலாகப் போ ராசா என்று மனதுக்குள் அதைக் கும்பிட்டேன்.

உடம்பு நோவைத் தாங்கலாம் மச்சான். தாரிணியின் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. வழியில் நிமிர்த்தி வைத்த ஒரு பெரிய கல், அதன் தலையில் மேசைப் பலகை போல இன்னொரு கல். ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்திய சனம் கும்பிட்ட இடமாம். அதன் முன்னால் நின்று கேட்டாள், “அப்பா இதைப் பாத்திட்டு என்ன சொன்னவர் மாமா?”

அந்தத் தீவில் வயலுக்கு வயல் கல்மதில். அதைக் காட்டி, “இவ்வளவு எல்லை போட்டிருக்கிறதைப் பாத்தா யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் எங்களுக்கு முன்னமே வந்திருக்கிறான்” என்று நீ சொன்னதாக அந்த இடத்திலேயே கட்டிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். மலரில் எழுதியது என் பவிசுக்கான பொய். இது, அப்பா இல்லாத பிள்ளையிடம் அப்பாவின் வாயில் நான் வைத்த பொய். தெரியவந்தால் நான் சொல்லும் எதையாவது இனி நம்புவாளா?

மூன்றாம் நாள் ஒரு சந்தி. இடதில் ஒரு மலை, வலதில் ஒரு மலை. எது என்று கேட்டாள். நான் போய்வந்த ஆள் அல்லவா? தயங்காமல் இடது கையை நீட்டினேன்.

பாதித் தூரம் நான் சைக்கிளை உருட்டினேன். மீதியில் சைக்கிள்தான் என்னைத் தாங்கியது. மேலே ஒரு கழுகு என் தலைக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. என் மூச்சுச் சத்தம் அதற்கு நம்பிக்கை கொடுத்திருக்க வேண்டும்.

உச்சியில் இடிந்த கோட்டைச் சுவர், நாலைந்து ஆடுகள், கீழே நீலமாகக் கடல். நான் எழுதியபடியே கண் கலங்கியது. அதற்கு மேல் ஏலவில்லை. “பிள்ளை, நான் இஞ்ச முந்தி வரவே இல்லை,” என்றேன்.

தாரிணி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “தெரியும் மாமா. அப்பா மேல நிண்டு எனக்குக் கோல் பண்ணினவர். நீங்கள் வரேல்லையெண்டு நல்லா ஏசினவர்.”

“அப்ப அம்மாவுக்கு?”

“அம்மாதானே அனுப்பினவ. மாமா எழுதினது வடிவா இருக்கு, அது பொய்யா இருக்கக் கூடாது, கூட்டிக்கொண்டு போய் ஏத்திப்போட்டு வா எண்டு.”

“அந்த மதில் பகிடி?”

“அப்பா அப்பிடித்தான் சொல்லியிருப்பார்,” என்று பாதிப் பழத்தை நீட்டினாள்.

நேசா, இப்படி ஒரு மனைவியையும் மகளையும் எனக்கும் உறவாக்கிவிட்டுப் போனாயே, அதற்கு எப்படி நன்றி சொல்ல? சுகந்தி தந்த உன் சைக்கிள் இப்போது என் வீட்டு நடையில் நிற்கிறது. டொக்டர் என் சீனி வருத்தக் குளிசையில் ஒன்றைக் குறைத்திருக்கிறார். அதுவும் உன் கணக்கில்தான்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் தாரிணி கூப்பிட்டால் வருவேன், முழங்காலைச் சாட்டமாட்டேன். இது சத்தியம்.

போன கிழமைதான் சுகந்தி உன் பழைய போனை ஒருவாறு திறந்து, நீ உச்சியில் நின்று எடுத்த படத்தை எங்கள் இருவருக்கும் காட்டினாள். உனக்குப் பின்னால் பென்னம்பெரிய தேவாலயம் ஒன்று நிற்கிறது.

வலது பக்க மலையைத் தவறவிட்ட,
உன் மச்சான்,
சட்டன்.