ஓடிட்டர் வீட்டுக்கு வந்த குர்பான் பங்கு

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, மஃரிபுக்குச் சற்று முன்.

அன்பு மனைவி ஹுஸ்னியாவுக்கு, பர்ஸான் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் றிபாவும் உன் உம்மாவும் சுகமாக இருக்கிறோம். கொழும்பில் நீயும் சுகமாக இருக்கத் தொழுகைக்குத் தொழுகை துஆக் கேட்கிறோம்.

தினமும் போனில் கதைக்கிற மனிதன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். வாயால் சொன்னால் ஆதாரம் எங்கே என்று கேட்கிற ஆள் நீ. உண்மையைச் சொன்னால், போனில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் ஒரு பிழை செய்துவிட்டேன், ஹுஸ்னியா. அது உன் வேலையில் போய் விழுகிற பிழை. ஒழுங்காகச் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

முதலில் வீட்டுப் புதினம். மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்தது என்று அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். மேற்கே இருந்து கச்சான் காற்று வீட்டுக்குள் மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கடல் நல்லாக இருப்பதால் தோணிகள் ஓயாமல் போகின்றன, அதனால் எனக்கு இன்ஜின் வேலையும் ஓயவில்லை. றிபா உன்னைப் பார்த்துப் பழகி, குளிர்ப்பெட்டியில் உள்ள எல்லாச் சாமானிலும் திறந்த திகதி எழுதி ஒட்டியிருக்கிறாள். மீன்குழம்புச் சட்டியில் ஒட்டிய கடதாசியை மாமி பிய்த்து எறிந்ததற்கு இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை.

புது விதிப் புத்தகத்துக்கான பரீட்சையில் நீ தேறிய செய்தியை, என் கடைக்கு வந்த தேத்தண்ணிக் கடை முஸ்தாக்கிடம் சொன்னேன். படிச்சு முடிச்சு வேலையும் எடுத்தாச்சுதானே, இன்னமும் என்ன சோதினை என்று கேட்டான். அவனைக் குறை சொல்லமுடியாது. ஓடிட்டர் என்றால் கம்பனிக் கணக்குப் பார்க்கிறவர் என்று நினைத்திருந்தவன்தானே நானும். உணவு செய்யும் ஆலைகளுக்குப் போய், சுத்தமும் ஒழுங்கும் பார்த்து, தரச்சான்று கொடுக்கலாமா கூடாதா என்று சொல்கிற வேலை என்று அவனுக்கு விளக்கினேன். விதிப் புத்தகம் மாறினால் இவர்களும் திரும்பப் படித்துச் சோதினை எழுதவேண்டும், மாறாத வருடத்திலும் இத்தனை மணித்தியாலம் படித்தேன் என்று காட்டவேண்டும், அதற்கு மேல் பெரிய ஓடிட்டர் ஒருவர் வந்து இவர்கள் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்ப்பார் என்றும் சொன்னேன். நான் இன்ஜின் கழற்றும்போது அப்படி ஒருவர் பின்னால் நின்றால் நான் கடையைப் பூட்டிவிட்டுக் கடலுக்கு ஓடியிருப்பேன்.

உன்னை அவர்கள் வேலைக்கு எடுத்த கதையையும் சொன்னேன். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்த பட்டம் இருந்தது, அரிசி ஆலையில் ஆறு வருடம் தரம் பார்த்த அனுபவமும் இருந்தது. ஆனாலும் நேர்முகத்தில் அதைப் பற்றிப் பெரிதாகக் கேட்கவில்லை. தங்கள் கந்தோரின் தேத்தண்ணி போடும் அறையில் உன்னைப் பத்து நிமிடம் விட்டுவிட்டு, என்ன கண்டீர்கள் என்று கேட்டார்களாம். கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இல்லை, பால்மா டின்னில் திறந்த திகதி இல்லை, எலிப்பொறி சீனிப் போத்தலுக்கு அடுத்த தட்டில் இருக்கிறது என்று நீ வரிசையாகச் சொன்னாய். முஸ்தாக் கேட்டுவிட்டு, நல்ல வேளை என் கடைக்கு அவ வாறல்ல என்றான்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து நாள் வகுப்பும் பரீட்சையும்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்து இருபது நாள், மற்ற ஓடிட்டர்கள் வேலை செய்வதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று விதி இருந்ததே, அதுதான் பெரிது. ஹுஸ்னியா இருபது நாள் கதைக்காமல் இருந்தாள் என்பதை உன் உம்மா இன்றைக்கும் நம்பவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் உங்கள் பெரிய ஓடிட்டர் சுஜித்தா அக்கா உன் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தார். நீ வீட்டுக்கு வந்து அந்தக் கையெழுத்துகளைக் காட்டியபோது சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாய். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது, அதை உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மாளிகைக்காட்டில் மீன் பதனிடுகிறவர் வீடு தேடி வந்ததும் நினைவிருக்கும். மாவும் தானியமும் பார்க்கத்தான் எனக்குத் தகுதி தந்திருக்கிறார்கள், மீனுக்கு இன்னும் இல்லை என்று நீ சொன்னாய். அவர் சிரித்தார். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு மீன் தெரியாதா என்றார். தெரியும், ஆனால் தெரியும் என்று இன்னும் காட்டவில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாய். எனக்குத் தெரியாத இன்ஜினை ஒரு நாளும் நான் அப்படித் திருப்பி அனுப்பியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பரீட்சை ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து வந்த திங்கள் என்பதால் பெருநாளுக்கு நீ வரவில்லை. எங்கள் தெருவில் கச்சிமுகம்மது ஹாஜியார் வழக்கம்போல மாடு குர்பான் கொடுத்தார். வருடாவருடம் நம் வீட்டுக்கும் ஒரு கிலோ பை வரும், உனக்குத் தெரியும். இந்த முறை அவருடைய வேன் சாரதி தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு முழுப் பின்னந்தொடை. அதோடு பாதி ஈரலும் இருந்தது. பக்கத்து வீட்டு றபீக்கா ராத்தாவின் கையில் அந்த ஒரு கிலோ பைதான் இருந்தது.

குர்பான் இறைச்சியை வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு நா வரும்? அல்லாஹ்வுக்காக அறுத்த பங்கு, அதைத் திருப்பி அனுப்பினால் கொடுத்தவரின் முகத்தில் அடித்தது போலாகும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாங்கி மாமியிடம் கொடுத்தேன். சமைத்தோம், தின்றோம், அயலுக்கும் கொடுத்தோம். ஆனால் அந்தத் தொடையின் பாரம் கையில் ஏறியபோதே, இது ஏன் நமக்கு மட்டும் இவ்வளவு என்று ஒரு யோசனை வந்தது. வந்ததை நான்தான் தள்ளிவிட்டேன். அதை ஒளிக்கமாட்டேன்.

அவர் அக்கரைப்பற்றில் இடியப்ப மாவும் மிளகாய்த்தூளும் அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் உங்கள் நிறுவனத்தில் தரச்சான்று கேட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. எந்த ஆலைக்குப் போகிறாய் என்று நீ ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லை. அடுத்த மாதம் நம் பக்கத்தில் ஒரு இடம், அங்கே முதன்முறை நீ தலைமை, சுஜித்தா அக்கா பக்கத்தில் நின்று பார்த்துச் சரி என்றால் தலைமை ஓடிட்டர் தகுதி உனக்கு வந்துவிடும் என்று மட்டும்தான் சொன்னாய்.

இன்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலுக்கு வெளியே வரும்போது ஹாஜியார் என் தோளில் கை போட்டார். யார் யார் வருகிறார்கள் என்று ஆலைக்கு முன்கூட்டியே பெயர் அனுப்பியிருக்கிறார்களாம். நம்மட ஹுஸ்னியா மகள்தானே எங்கட இடத்துக்குத் தலைமையா வாறா, கொஞ்சம் பாத்துச் செய்யச் சொல்லுங்க மருமகன் என்றார். அந்தத் தொடை ஏன் வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படியிருந்தும் பழக்கதோஷத்தில் ஓம் மாமா என்று தலையாட்டிவிட்டேன். இறைச்சி வாங்கியது ஒரு பிழை, அந்த ஓம் அதைவிடப் பெரிய பிழை.

ஆலையில் வைத்துத் தரும் தேத்தண்ணி குடிக்கலாம், கையில் எடுத்துக்கொண்டு வரும்படி ஒன்றும் வாங்கக்கூடாது, வீட்டாரும் வாங்கக்கூடாது என்று நீ ஒரு தாளில் கையெழுத்து வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. வீட்டார் என்று என் பெயரையும் என் தொழிலையும் அந்தத் தாளில் எழுதினாய். அப்போது நான் அதைக் கேலி செய்தேன்.

அதனால் அஸர் தொழுதுவிட்டு நேரே ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். அந்த ஓமை நான் திருப்பி எடுக்கிறேன், இறைச்சி வந்ததையும் நீங்கள் சொன்னதையும் ஹுஸ்னியாவின் கந்தோருக்கு எழுதப்போகிறேன் என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்துப் போனவன் நான். கோபப்படவில்லை. குர்பான் இறைச்சியிலயுமா குறை எழுதுறீங்க தம்பி என்று மட்டும் கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். மருமகனாக இருந்தவன் தம்பியாகிவிட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, உனக்கும் தெரியும். ஸலாம் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் இருக்கிறது. அது உன் கந்தோருக்கு. என்ன நாள், யார் கொண்டுவந்தார், யார் வாங்கினார், இன்று பள்ளிவாசலில் என்ன கதை நடந்தது என்று எல்லாம் எழுதி, அடையாள அட்டை இலக்கமும் போட்டு, கையெழுத்து வைத்திருக்கிறேன். இறைச்சியை நிறுத்துப் பார்க்கவில்லை. நான் இருபது கிலோ என்கிறேன், உன் உம்மா இருபத்தைந்துக்குக் குறையாது என்கிறார். இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

இதைக் கொடுத்தால் ஹாஜியாரின் ஆலையைப் பார்க்கும் வேலையிலிருந்து உன்னை எடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தலைமையாக நிற்க அடுத்த வாய்ப்பு எப்போது வருமோ, இந்த வருடம் வருமோ வராதோ. இரண்டு வருடம் பஸ்ஸிலும் றெயிலிலும் தூங்கி, பெருநாளையும் விட்டுப் படித்தவளுக்கு, ஒரு தொடை இறைச்சியால் நான் செய்த காரியம் இது. என்றாலும் அந்தத் தாளைச் சுஜித்தா அக்காவிடம் கொடு. எனக்காக ஒரு சொல்லையும் மாற்றாதே. உம்மாதான் வாங்கினா, அவருக்குத் தெரியாது என்று சொல்லி என்னைக் காப்பாற்ற நீ நினைப்பாய். நீ அப்படிச் சொன்னால், நான் இத்தனை நாள் பார்த்துப் பெருமைப்பட்ட ஹுஸ்னியாவை நானே கெடுத்ததாகிவிடும்.

உன் கண்ணையும் உன் பேனையையும் அல்லாஹ் நேராகவே வைத்திருப்பானாக. மீனுக்கான தகுதியையும், தள்ளிப்போகும் தலைமைத் தகுதியையும் உன் உழைப்புக்கே உரியதாக ஆக்கித் தருவானாக.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போகிற இடங்களில் நீ குறையை எழுதினால், அதைத் திருத்திக் காட்டுவதற்கு ஒரு கெடு நாளையும் எழுதிக் கொடுப்பாய் என்று சொல்லியிருக்கிறாய். என் பெயரில் பெரிய குறை என்றே எழுது, நான் மறுக்கமாட்டேன். திருத்திக் காட்ட எனக்கும் ஒரு நாள் எழுதிக் கொடு, ஹுஸ்னியா.

வஸ்ஸலாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பர்ஸான்