யாரும் இல்லை என்று சொன்ன பக்கம்

என் ரஹீம்,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. எழுதலாமா, வேண்டாமா என்று யோசித்தே இத்தனை நாளை ஓட்டிவிட்டேன். இப்போது உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. மற்றவர்கள் படித்தாலும் பரவாயில்லை, தவறு என்னுடையதுதான்.

மேல்விஷாரத்து வீட்டில் உட்கார்ந்து நீ செய்த இணையப் பக்கம் பற்றித்தான். வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளிகளும் அசாமியர்களும் மொழியையும் நாளையும் தேர்ந்து பட்டனை அழுத்தினால், பக்கம் சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்டைக் கேட்கும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய்ப் பேச்சை மாற்றிச் சொல்லும் நம் ஆட்களின் பெயரும் போன் எண்ணும் பதிலாக வரும். கடைசியில் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். தோல் தொழிற்சாலை லேபில் ரசாயனம் பார்த்தவனுக்கு இதெல்லாம் வருமா என்று நீ ஒரு நிமிடமாவது யோசித்தாயா?

போன திங்கட்கிழமை ஜோலார்பேட்டை கோமதி கூப்பிட்டார். நினைவிருக்கிறதல்லவா, ரயில்வேயில் வேலை பார்த்த கணவரோடு கரக்பூரில் பல வருடம் இருந்து வங்காளம் கற்றவர்.

“இன்னா சார் நடக்குது? ஒரு மாசமா ஒரு போன் கூட வர்ல. ஜனங்களுக்கு நாம வேணாம் போல. என் பேரை எடுத்துடுங்க.”

“இருங்கம்மா, பார்க்கிறேன்” என்றேன். அவர் சொன்னதே சரியாக இருக்கும் என்று உள்ளுக்குள் நினைத்தேன்.

மறுநாள் கண் பரிசோதனைக்கு வேலூர் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் ஓர் அம்மாள், பக்கத்தில் மகன். கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒரு கையில், போன் மறு கையில். “அம்மாவுக்கு ஆபரேஷனா, மாத்திரையா, அதுவே புரியல” என்று உடைந்த இந்தியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். போனில் நம் பக்கம். ஆள் இல்லாத நாளில் பக்கம் காட்டும் வரி அதில், வங்காளத்தில்: ‘தற்போது யாரும் இல்லை.’

அங்கேயே நின்று கோமதியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“அவங்க தேடிக்கினு இருக்காங்க, நான் வூட்ல குந்திக்கினு கோவிச்சிக்கினு இருந்தேனா? கையெழுத்துப் போடாதன்னு சொல்லுங்க சார். தோ, வண்டி ஏறிட்டேன்.”

மதியத்துக்குள் வந்துவிட்டார். மாத்திரை இல்லை, ஆபரேஷன்தான். எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அந்த மகன் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தோல் பதனிடும் டிரம்முக்குள் போகும் தண்ணீரில் ஒரு சாம்பிள், வெளியே வரும் தண்ணீரில் ஒரு சாம்பிள். முதலில் ஸ்கிரிப்டின் முகவரியை நேராக அடித்தேன். கோமதியின் பெயரோடு பட்டியல் வந்தது. அங்கே பழுதில்லை. பிறகு பக்கத்தைத் திறந்து பட்டனை அழுத்தினேன். ‘யாரும் இல்லை.’ சர்வரின் பதிவேட்டைப் பார்த்தேன். நான் கேட்டதாக ஒரு வரிகூட அதில் இல்லை. கேள்வி வாசலைத் தாண்டவே இல்லை, ரஹீம்! பயத்தை மறந்து குஷியாகிவிட்டேன். வழியில் நிறுத்தியது யார்?

பிரவுசர்தான். சிவப்பு எழுத்தில் காரணத்தையும் சொல்லியிருந்தது. பாதுகாப்பான பக்கம் என்று காட்ட முகவரிக்குப் பக்கத்தில் வருமே, அந்தப் பூட்டுக் குறி நம் பக்கத்துக்கும் வேண்டுமென்று போன மாதம் சர்வர்காரர்களிடம் நானே கேட்டு வாங்கினேன். பக்கம் பாதுகாப்பான முகவரிக்கு மாறிவிட்டது. ஆனால் அதற்குள் ஸ்கிரிப்டைக் கூப்பிடும் வரியில் பூட்டு இல்லாத பழைய முகவரியே இருந்தது. பூட்டிய பக்கத்திலிருந்து பூட்டாத வழியில் கேள்வி போகக் கூடாதென்று பிரவுசர் தடுத்திருக்கிறது. முகவரியில் http என்று இருந்ததோடு s என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தேன். பெயர்கள் வந்து நின்றன.

அதோடு எழுந்திருக்கலாம். ஆனால் ஒன்று உறுத்தியது. கேள்வியே போகாதபோது ‘யாரும் இல்லை’ என்று பக்கம் எப்படிச் சொல்லும்? தேடினேன். கோளாறு வந்தால் காட்ட நீ எழுதிவைத்திருந்த வரி வேறு: “சர்வர் பதில் சொல்லல. திரும்ப அழுத்துங்க. அப்பவும் வரலன்னா எனக்குப் போன் பண்ணுங்க.” கீழே உன் எண்.

நீ போன பிறகு அந்த எண்ணை விட்டுவைக்க மனம் வரவில்லை. உன் வரியும் நோயாளிகளை அதட்டுவது போலப் பட்டது. என் எண்ணைப் போடலாம்தான். முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டால் என்ன பேசுவேன்? எல்லா மொழியிலும் தயாராக இருந்த ‘தற்போது யாரும் இல்லை’ என்ற மரியாதையான வரியை எடுத்து அங்கே வைத்தேன். பதில் வராததை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வது என் வாழ்நாள் பழக்கம். அதைப் பக்கத்துக்கும் பழக்கிவிட்டேன்.

இப்போது என் கேள்வி. இந்தப் பக்கம் ஒருநாள் நின்றுபோகும் என்று உனக்கு முன்பே தெரியுமா? எத்தனை பேர் உன்னைக் கூப்பிட்டார்கள்? ஒரு நாள்கூட நீ சொன்னதில்லையே.

உன் வரியைத் திரும்ப வைத்துவிட்டேன், ஒரு சொல்லும் மாற்றாமல். கீழே என் எண். தெரியாத எண்ணிலிருந்து மணி அடித்தால் கொஞ்சம் தயங்குவேன், ரஹீம். ஆனால் எடுப்பேன்.

உன் பிள்ளைகளுக்கு ஆம்பூர் சித்தப்பாவும் உனக்குத் தோஸ்துமான,
ஜெயராஜ்