காத்து பத்தாத சோடா

மார்ச் 4, செவ்வாய்

சோடா மெஷின் வாங்கிவிட்டேன். இவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது எதுக்கு இப்போ?" என்றார். எதுக்கா? உங்க அப்பாவுக்குத்தான்!

போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது மாமாவின் நாக்கையும் மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதிலும் ருசி தெரியவில்லை. தட்டைத் தள்ளி வைக்கிறார். தண்ணீர் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "வாய்க்குள்ள ஏதோ போகுது, அவ்வளவுதான்" என்கிறார். இப்படியே இருந்தால் மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டயர் கடை நடத்திய காலத்தில் லாரிச் சக்கரத்தைத் தனியாளாகக் கழற்றிய மனுஷன். இப்போது பேன்ட் இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது.

ருசி தெரியாவிட்டால் என்ன, சோடா சுருக்கென்று குத்துவது தெரியுமே? மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான்.

மார்ச் 5

எலுமிச்சைச் சாற்றை முதலில் ஊற்றிவிட்டு அப்புறம் கேஸ் அடித்தேன். கூடாதாம். மெஷினோடு வந்த தாளில் பெரிதாகப் போட்டிருக்கிறது. யார் படித்தார்கள்? பாட்டிலைக் கழற்றியதும் சாறு கூரை வரை போய், திரும்பி என் தலையில் இறங்கியது. சத்தம் கேட்டு மாமா எட்டிப் பார்த்தார். துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியாதா?

மார்ச் 9, ஞாயிறு

இப்போதெல்லாம் வெறும் தண்ணீருக்குத்தான் கேஸ். சாறு அப்புறம், பாட்டில் ஓரமாக மெதுவாக. நேற்று இஞ்சி, இன்று எலுமிச்சையும் புதினாவும். எதைக் கொடுத்தாலும் "பிரமாதம்மா" என்கிறார் மாமா. ருசி வந்துவிட்டது போல! எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 12, புதன்

ஐயோ.

கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாறு ஊற்றவே மறந்து, வெறும் சோடாவை நீட்டியிருக்கிறேன். மாமா குடித்துவிட்டு, "எலுமிச்சை இன்னைக்குத் தூக்கலா இருக்கு, நல்லா இருக்கும்மா" என்றார். எலுமிச்சை மேடைமேல் முழுசாகக் கிடக்கிறது. வெட்டக்கூட இல்லை!

அப்போ இத்தனை நாளும் — எனக்காக நடிச்சிருக்கார். பஸ்ல அழுகையா வந்துச்சு. எனக்கு எதுக்கு சர்டிஃபிகேட்? அவருக்கு ருசி திரும்பி வரணும், அதுதானே வேணும்.

மார்ச் 13

கேட்டேவிட்டேன். "மாமா, நேத்து எலுமிச்சையே போடல."

மாமா தரையைப் பார்த்தார். "நீ இவ்ளோ மெனக்கெடுற. எப்படிம்மா சொல்றது?" பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா ஒண்ணு. காத்து பத்தல" என்றார்.

"என்ன?"

"உன் சோடால காத்து பத்தல. தண்ணி இன்னும் சில்லுன்னு இருக்கணும். விட்டு விட்டு அடிக்கணும், ஒரேயடியா அமுக்கக் கூடாது. குடு இப்படி."

கொடுத்தேன். பாட்டிலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார், தட்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்கிறார். பஞ்சர் பார்க்கிறார் என்றே நினைத்தேன். அவர் அடித்த சோடா மூக்கு வரை ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர், அவருக்குச் சிரிப்பு.

மார்ச் 17

மெஷின் இனி என்னுடையது இல்லை. தொட்டால் முறைக்கிறார்.

மார்ச் 22, சனி

காற்று சரியாக ஏறியதா என்று பார்க்கிற சாக்கில் நாள் முழுக்க அவரே குடிக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு, ட்ரிப்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அப்பாடா. "ருசி?" என்று இவரிடம் கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம்னு சொன்னார்." மாமா எதிரில் இருவரும் வேறு பேச்சுப் பேசினோம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஏப்ரல் 5, சனி

வேலை முடிந்து வந்தால் சமையலறை போர்க்களமாகக் கிடக்கிறது. மாமா புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறாராம். ஆரஞ்சு, மிளகு, உப்பு. இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, போன் வந்ததுபோல் வெளியே நழுவிவிட்டார். அடுத்த பலி நான். அப்பப்பா, கடல் தண்ணீர் தோற்றது! ஆனால் மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதை எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு மாமா" என்றேன்.

அவர் தன் கிளாஸை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். முகம் கோணிப் போயிற்று.

"பொய் சொல்லாதே. வாயில வைக்க முடியல. உப்பு கரிக்குது."

சொல்லிவிட்டுக் கொட்டப் போனார். கொட்டவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். இன்னொரு மடக்கு குடித்தார். அப்புறம் இன்னொன்று.

"கரிக்குதும்மா" என்றார்.

அந்தப் பாட்டிலை நாங்கள் இரண்டு பேரும் ஒரு சொட்டு விடாமல் குடித்துத் தீர்த்தோம்.