உன் ரைஃபிளுக்கு வைத்த அளவு

அன்புள்ள ஆரினுக்கு,

வெர்லா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் நாயும்தான். ரோட்டில் லாரி போனால் நாய் இன்னும் காதைத் தூக்குகிறது. நான் தூக்குவதில்லை என்று எழுதினால் அது பொய்.

மேல் மலையில் பனி விழுந்துவிட்டது. எல்க் மான்கள் கீழே இறங்குகின்றன. சனிக்கிழமை வேட்டை சீசன் தொடக்கம். செப்டம்பரில் வந்துவிடுவேன் என்றாய். பிறகு அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய் வேலை இழுத்துக்கொண்டே போகிறது என்றாய். அதற்குப் பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. ஃப்ரீசரில் ஐஸைத் தவிர ஒன்றுமில்லை. குளிர்காலத்துக்கு இறைச்சி வேண்டாமா? அதனால் இந்த வருஷம் நானே போகிறேன்.

சுட எனக்குத் தெரியும், அந்தக் கவலை வேண்டாம். வம்பு செய்தவை உன் தோட்டாக்கள். போவதற்கு முன் ஒரு பெட்டி நிறைய நம் பட்டறையில் நீயே செய்து வைத்து, நம் இரண்டு ரைஃபிளுக்கும் ஒரே தோட்டாதான், எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று சொன்னாயே. நேற்று குறி பார்க்கப் போனேன். ஒன்றுகூட உள்ளே ஒழுங்காக உட்காரவில்லை. பின்னாலிருந்து மூடும் போல்ட் பாதியில் நின்று அடம்பிடித்தது. எதிர்வீட்டு டெலோரிஸும் கூட இருந்தாள். சிரிக்காமல் இருப்பாளா அவள்?

பட்டறையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அந்தத் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் எல்லாம் ஏற்கெனவே உன் ரைஃபிளில் சுட்டு, அதன் வாகுக்கு உப்பியவை. அவற்றை மறுபடி அளவுக்கு இறுக்கும் அச்சை, அந்த டையை, உன் ரைஃபிளுக்கு எது போதுமோ அந்த அளவில் நிறுத்தி, நகராதபடி வளையத்தைப் பூட்டியிருக்கிறாய். என் ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை மயிரிழை குட்டை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று சுட்டிருக்கிறேன், அது உனக்கு நினைவுக்கு வரவில்லை.

டெலோரிஸ் பட்டறை வாசலில் வந்து நின்றாள். நானும் கேட்கக்கூடாதுன்னுதான் இருந்தேன் என்று ஆரம்பித்துக் கேட்டேவிட்டாள்.

"மூணு மாச வேலைக்குப் போறவன் எதுக்குடி ரைஃபிளைத் தூக்கிட்டுப் போறான்?"

"அது கரடி இருக்கிற ஊரு."

"கரடிதானா?"

திரும்பி வேலையைப் பார்த்தேன். பார்த்த லட்சணம், கொழுப்பு தடவாமல் ஒரு கூட்டை டைக்குள் ஏற்றிவிட்டேன். அது கவ்விக்கொண்டது. திருகி, தட்டி, திட்டி அதை வெளியே எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இந்த வேலையில் மனம் வேறெங்கோ இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

பூட்டிய வளையத்தைத் தொடாதே என்பதும் நீ சொன்னதுதான். நீ இல்லாத இத்தனை மாதமும் நான் அதைத் தொடவில்லை. தொட்டால் நீ வரமாட்டாய் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கும் என்று பயந்தேன் ஆரின். வெளிப்படையாகவே எழுதிவிட்டேன்.

இன்று காலை அந்த வளையத்தைத் தளர்த்தினேன். நீ செய்த தோட்டாக்களை ஓரமாக வைத்துவிட்டு, டப்பாவில் கிடந்த காலிக் கூடுகளை எடுத்தேன். எங்கே உரசுகிறது என்று தெரிய கூட்டின் தோளில் மெழுகுவர்த்திக் கரி ஏற்றி, டையைத் துளித்துளியாக இறக்கி, ஒவ்வொரு முறையும் என் ரைஃபிளில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் போல்ட் ஒரு விரல் தள்ளலில் மூடிக்கொண்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். நாய் வந்து முழங்காலில் முகத்தை வைத்தது.

தளர்த்துவதற்கு முன், உன் அளவு நின்ற இடத்தில் என் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நீ வந்தால் பழையபடி திருப்பிக்கொள்ளலாம். கணவாய் வழி பனியில் மூடுவதற்குள் வருகிறாயா என்று ஒரு வரி எழுது. வரவில்லை என்றால் அதையும் எழுது. அந்தக் கோட்டை நான் சுரண்டிவிட வேண்டும்.

கரடியிடமிருந்தும், கரடி அல்லாதவற்றிடமிருந்தும் கடவுள் உன்னைக் காக்கட்டும்.

இன்னும் உன்,
வெர்லா