என் பேர் போட்ட கார்டு

3 செப்டம்பர் 2024, செவ்வாய்

இன்று மகள் ஜிஸ்மியிடம் பொய் சொன்னேன். சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

காலையில் பாண்டியோடு கட்டப்பனை போனேன். டூரிஸ்ட்டுகளை ஏற்றும் அவன் ஜீப்புக்கு நாலு டயரும் தேய்ந்துவிட்டது, கையில் காசில்லை. "அண்ணே, மக குடுத்த கார்டு சும்மாதானே கெடக்கு? நீங்க தேச்சு விடுங்க, நாலு மாசத்துல நாலு தவணையாக் குடுத்துர்றேன்" என்றான்.

கார்டு ஜிஸ்மி அனுப்பியது. கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்புக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். தன் கிரெடிட் கார்டோடு சேர்த்து எனக்கும் ஒன்று வாங்கினாள். மேலே என் பேர் அச்சடித்திருக்கிறது. "ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் வச்சுக்கங்கப்பா" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

முப்பத்தோராயிரத்து அறுநூறு. தேய்த்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்து "சார், நம்பர் அடிங்க" என்றார். முப்பத்து மூன்று வருஷம் எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலைத் தூளில் நின்றிருக்கிறேன், என்னை யாரும் சார் என்றதில்லை. அந்த ஒரு சொல்லுக்கே இன்னும் நாலு டயர் வாங்கியிருப்பேன்.

எஸ்டேட்டில் அட்வான்ஸ் வாங்கினால் யார் பேரில் வாங்கினோமோ அவர் சம்பளத்தில் மாதக் கடைசியில் பிடிப்பார்கள். கார்டில் என் பேர். என் பாஸ்புக்கில் பிடிப்பார்கள். அதற்குள் பாண்டி கொடுத்துவிடுவான்.

வந்து படுத்தேன், ஜிஸ்மி போன். "எங்கயும் போனீங்களாப்பா?"

"நான் எங்கம்மா போனேன்? மூட்டுக்குத் தைலம் தேச்சுட்டுப் படுத்திருக்கேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

19 செப்டம்பர், வியாழன்

ஜிஸ்மி பார்சலில் இரண்டு பாட்டில் தைலம் அனுப்பியிருக்கிறாள். பிள்ளை பிள்ளைதான்.

பாண்டி எட்டாயிரம் கொடுத்தான். எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் கோயில் திருநாள் வந்துவிட்டது. அன்னதானத்துக்கு அரிசி என் செலவு என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். எட்டாயிரம் பத்தவில்லை, மீதிக்குக் கார்டைத் தேய்த்தேன். மைக்கில் மூன்று தடவை, "லயம் நம்பர் ஏழு, சுவக்கீன் குடும்பத்தார்!"

செபமாலை காதோடு கேட்டாள், "ஏது காசு?"

"மிச்சம் பிடிச்சது."

முப்பது வருஷமாகப் பெண்டாட்டியாக இருப்பவள். நான் எதையும் மிச்சம் பிடித்து அவள் பார்த்ததில்லை. ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்புறம் புதுச் சேலையைச் சரிசெய்துகொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

6 அக்டோபர்

இன்னும் பில் வரவில்லை. நல்ல பாங்கு.

28 அக்டோபர், திங்கள்

ஏலப்பாறை ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டு ஐயாயிரம் எடுத்தேன். பாண்டியின் இரண்டாம் தவணை வந்தது, அதுவும் எங்கே போனது என்று தெரியவில்லை. தெரியும். எழுத வெட்கமாக இருக்கிறது. கார்டு சுவக்கீன் என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் வந்தபிறகு டீக்கடையில் சும்மா எழுந்துவர முடியுமா? பத்துப் பேருக்கு டீ, பரோட்டா.

மதியம் ஜிஸ்மி. "பணம் ஏதும் எடுத்தீங்களாப்பா?"

"மூட்டுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்கம்மா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"தேய்மானமாம்."

"சரிப்பா, பாத்து இருங்க" என்றாள்.

14 நவம்பர், வியாழன்

ஜிஸ்மி பெருமாட்டி என்ற ஊரில் ஒரு வீடு பார்த்திருக்கிறாளாம். இரண்டு அறை, கிணறு, பின்னால் நாலு தென்னை. ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டாள், மீதிக்கு பாங்கு லோன். மார்ச் கடைசியில் எனக்கு ரிட்டயர்மென்ட். அன்றோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எங்கே போவது என்று நான் யோசிக்கவே இல்லை. பிள்ளை யோசித்திருக்கிறது.

செபமாலை அழுதாள். நான் அழவில்லை. தென்னைக்கு யார் ஏறுவது என்று கேட்டுத் திட்டு வாங்கினேன்.

9 டிசம்பர், திங்கள்

லோன் நிற்கிறது.

செபமாலைதான் சொன்னாள். "கார்டுல பாக்கி நிக்குதாம். அதைக் கட்டி முடிச்சாத்தான் லோனுங்கான். இருபத்தி எட்டாம் தேதிக்குள்ள மீதியக் குடுக்கலன்னா வீட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்."

"யார் கார்டுல?"

"யார் கார்டுன்னா? அவ கார்டுலதான்."

எஸ்டேட் ஆபீஸில் கிளார்க் ஜின்சனிடம் போனேன். கார்டைக் காட்டி, "தம்பி, இதோட பில் யாருக்குப் போகும்?" என்றேன். தெரிந்தவருக்காகக் கேட்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். கார்டில் என் பேர் இருக்கிறது. அவன் அதைப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அண்ணே, பேர்தான் உங்க பேரு. இது பிள்ளையோட கார்டுக்குத் துணைக் கார்டு. செலவு மொத்தமும் அவ கணக்கு. ஏ.டி.எம்.ல எடுத்தா எடுத்த அன்னைக்கே வட்டி ஆரம்பிக்கும். பில்லுல குறைஞ்ச தொகைன்னு ஒண்ணு போட்டிருப்பான். அதை மட்டும் கட்டினா கார்டு ஓடும், வட்டியும் ஓடும்."

"நான் எங்க வாங்கினேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"நீங்க தேய்ச்ச நிமிஷமே அவ போனுக்கு மெசேஜ் போயிரும். கடை பேரு, தொகை, நேரம்."

உட்கார்ந்தே இருந்தேன். டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டான். பத்துப் பேருக்கு டீ வாங்கித் தந்தவனுக்கு.

10 டிசம்பர்

தூக்கமில்லை.

செப்டம்பர் மூன்று. தைலம் தேய்த்துப் படுத்திருந்தவன் பேரில் டயர் கடை. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். நான் சொல்வேன் என்று பார்த்தாள். சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு பாட்டில் வாங்கி, பேப்பர் சுற்றி, தபால் ஆபீஸில் நின்று அனுப்பியிருக்கிறாளே! என்னத்த நெனச்சு அனுப்புனா? ஒருவேளை மூட்டு நிஜமாகவே வலிக்கிறதோ என்று நினைத்தாளா?

இருபத்தேழு வயதுப் பிள்ளை. எந்த ஸ்கேன் மெஷினும் என்னை இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்காது.

15 டிசம்பர், ஞாயிறு

சனிக்கிழமை பாண்டியின் வீட்டு வாசலில் நின்று கத்தி ஆறாயிரம் வாங்கினேன். "சீசன் இல்லண்ணே, வேணும்னா டயரக் கழட்டிட்டுப் போங்க" என்றான். டயரை பாங்கில் கட்ட முடியுமா? ராத்திரி பஸ் ஏறி, மூன்று பஸ் மாறிக் கஞ்சிக்கோடு வந்தேன்.

மகள் தங்கும் ஹாஸ்டல் எதிரே கமலாத்தாள் என்ற அம்மாவின் டீக்கடை. ஜிஸ்மியின் பேரைச் சொன்னதும், "ஏனுங்க, அந்தப் புள்ளையோட அப்பாருங்களா? தங்கமான புள்ளைங்க. காலைல ஒரு டீ குடிச்சா சாயங்காலந்தான் அடுத்த டீ. வடை எடுத்துக்கங்க, காசு வேண்டாமுங்க" என்றாள். வடையைப் பேப்பரில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

ஜிஸ்மி வந்தாள், இளைத்திருந்தாள். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்திருந்தேன். ஆறாயிரத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"டயர் பாண்டிக்கு வாங்குனேம்மா."

"தெரியும்ப்பா. நம்ம கிட்ட சைக்கிள் கூடக் கெடையாதே."

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"

"ரெண்டு தடவை கேட்டேனேப்பா."

பில்லைக் காட்டு என்றேன். வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. போனைக் கொடுத்தாள். நாலு மாதப் பில்லில் வரிக்கு வரி நான். டயர், அரிசிக் கடை, ஏ.டி.எம்., பரோட்டாக் கடை, மறுபடி பரோட்டாக் கடை. அவள் வாங்கியது ஒரே ஒரு வரி. செருப்பு, இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.

கார்டை நீட்டினேன்.

"வச்சுக்கங்க. ஆஸ்பத்திரிக்குன்னுதானே குடுத்தேன்."

"வேண்டாம்மா. என் கைல இருக்கக் கூடாது."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் கேட்டாள், "மூட்டு நெசமாவே வலிக்குதாப்பா?"

"முன்னாடி இல்ல. இப்ப பஸ்ல வந்ததுல வலிக்குது."

சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தாள். நான் கமலாத்தாளின் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

16 டிசம்பர்

செபமாலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். கத்தவில்லை. "மைக்குல பேரு வந்தப்ப நானும்லா நிமுந்து உக்காந்தேன்" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருக்கலாம்.

4 ஜனவரி 2025, சனி

வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது. முன்பணத்தில் பாதிதான் திரும்பியது.

31 மார்ச், திங்கள்

மாலை போட்டார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். லயத்துச் சாவியை நான் கொடுத்தேன். கஞ்சிக்கோட்டில் ஓட்டு வீடு ஒன்று வாடகைக்கு. ஒரு அறைதான். நடுவில் சேலை கட்டி, அந்தப் பக்கம் அம்மாவும் மகளும், இந்தப் பக்கம் நான், கடிகாரம். நான்கு தென்னை மர வீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாததுதான் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

22 ஜூன்

பி.எஃப். பணம் வந்தது. கார்டு பாக்கியை வட்டியோடு முழுதாகக் கட்டினேன். பாண்டியும் மீதியை அனுப்பிவிட்டான். ஒரு பைப் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது. லாரிக்காரர்கள் சார் என்கிறார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

11 நவம்பர், செவ்வாய்

ஜிஸ்மி என்னை பாங்குக்குக் கூட்டிப்போனாள். எதற்கென்று சொல்லவில்லை. வேலந்தாவளம் பக்கம் சின்ன வீடு ஒன்று, புது லோன். அவள் சம்பளத்துக்கு மட்டும் தொகை போதாதாம். கூட்டாக ஒருவர் சேர வேண்டுமாம். ஆபீசர் ஃபாரத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். அவள் பேருக்குக் கீழே என் பேர் அடித்திருந்தது.

"என்னைய சேக்காதம்மா" என்றேன். ஆபீசருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். "என்னைப் பத்தி உனக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சுதாம்ப்பா அடிக்கச் சொன்னேன். போடுங்க, பின்னாடி ஆளுக நிக்காங்க."

போட்டேன். பாஸ்புக்கில் உள்ள கையெழுத்தோடு ஒத்துவரவில்லை என்றார் ஆபீசர். வேறு ஃபாரம் கொண்டுவரப் போனார். ஜிஸ்மி என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் திரும்பி வரும்வரை விடவில்லை.