உங்கள் கேரியரும் தாரணியின் பைனலும்

என் பிரியமான அண்ணிக்கு,

விவாகரத்து வாங்கிக்கொண்டு போனவள், செத்துப்போன நாத்தனாருக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உங்கள் தம்பியோடு முறிந்ததே தவிர, உங்களோடு எனக்கு எப்போது முறிந்தது? காணையிலிருந்து பஸ் ஏறி வந்து, "இன்னாடி நடக்குது இங்க?" என்று கேட்க இப்போது ஆளில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் பிள்ளை தாரணி இப்போது எட்டாவது படிக்கிறாள். நீங்கள் பார்த்ததைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டாள். அதே நானூறு மீட்டர் ஓட்டம்தான். வார நாளெல்லாம் திண்டிவனத்தில் என்னோடு, சனியும் ஞாயிறும் விழுப்புரத்தில் உங்கள் தம்பியோடு. கோர்ட்டில் பேசியபடிதான் எல்லாம் நடக்கிறது.

எனக்குச் சந்தேகம் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கியவள் மேல் அடித்த வாசனையில். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளிடம் போய் வலி ஸ்ப்ரே வாசனையை மறைக்க முடியுமா? "காலுக்கு இன்னாடி?" என்று கேட்டேன். "கொசு கடிச்சிச்சிம்மா" என்றாள். கொசுக்கடிக்கு யாராவது ஸ்ப்ரே அடிப்பார்களா அண்ணி?

இது உங்கள் தம்பி வேலைதான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். சனி, ஞாயிறுகூட விடாமல் பிள்ளையை ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார். நாளைக்கு மெடல் வந்தால், "என்னாலதான்" என்று மார்தட்ட வேண்டுமில்லையா? நான் மட்டும் சும்மா இருப்பேனா? காலைப் பயிற்சி போதாதென்று சாயங்காலமும் சேர்த்துவிட்டேன். அதைக் கேள்விப்பட்டு அவர் அங்கே இன்னும் கூட்டியிருக்கிறார். வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கால்களுக்கு ஓய்வு உண்டா என்று இரண்டு வீட்டிலும் யாரும் யோசிக்கவில்லை. இரண்டு பேரும் அடுத்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. காலையில் நடக்கும் தகுதிச் சுற்றில், அந்த ஹீட்ஸில், தாரணி புலி மாதிரி ஓடி பைனலுக்கு வந்துவிடுவாள். சாயங்காலம் பைனலில் கடைசியாக வருவாள். ஒரு முறை என்றால் சரி, ஒவ்வொரு போட்டியிலும் இதே கதை. நடுவில் இருப்பது மதியச் சாப்பாடு ஒன்றுதான். அந்த நேரத்தில்தான் என்னவோ நடக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

அந்தச் சாப்பாடு நீங்கள் ஆரம்பித்து வைத்தது. பிரிந்த பிறகு வந்த முதல் போட்டியில் நான் கேலரியின் ஒரு மூலையில், அவர் இன்னொரு மூலையில். நீங்கள் நடுவில் டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு, "கோர்ட்டு வூட்டுக்குத்தான், சோத்துக்கு இல்ல. ரெண்டு பேரும் வந்து உக்காருங்க" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் காரியம் முடிந்தபோது நான் கேட்டு வாங்கி வந்தது அந்தக் கேரியர் ஒன்றைத்தான். எலுமிச்சைச் சாதமும் மல்லாட்டைத் துவையலும் இப்போது நான் கட்டிக்கொண்டு போகிறேன். வேர்க்கடலையை எவ்வளவு பக்குவமாக வறுத்து அரைத்தாலும் துவையலுக்கு உங்கள் கைமணம் வராது, ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பிடும்போது நான் உங்கள் தம்பியின் வாயையே பார்ப்பேன். பிள்ளை காதில் என்ன ஓதுகிறார்? பயமுறுத்துகிறாரா? அவர் கொண்டுவரும் ஜூஸில் என்ன இருக்கிறது? அவரோ என் சாதத்தை முறைப்பார். தாரணி மட்டும் எங்கள் நடுவில் உட்கார்ந்து நிதானமாக, கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிடுவாள். அவ்வளவு மெதுவாக அவள் வீட்டில் சாப்பிட்டதே இல்லை.

போன வாரம் விழுப்புரத்தில் போட்டி. வழக்கம்போல் பைனலில் கடைசி. இந்த முறை நொண்டிக்கொண்டே வந்து கோட்டைத் தாண்டினதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் ஓடினோம். முழங்காலுக்குக் கீழே தொட்டாலே துடித்தாள்.

"இன்னா சோறு எடுத்தாந்து போட்ட? எழுந்து நிக்கக்கூட முடியல அவளால" என்றார் உங்கள் தம்பி.

"ஸ்ப்ரே அடிச்சி ஓட வெச்சது நீ. இப்ப சோத்த சொல்றியா?" என்றேன். மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது.

"ஸ்ப்ரேவா? நானா? நீதான் குடுத்து அனுப்பறன்னு நெனச்சிக்கினு இருக்கேன்!"

அப்போதுதான் தாரணி வாயைத் திறந்தாள். "நாந்தான் வாங்கனேன். அப்பாகிட்டயும் சொல்லல, உங்கிட்டயும் சொல்லல."

"வலியோட எதுக்குடி ஓடுன?" என்றேன்.

"ஹீட்ஸ்ல தோத்துட்டா ஜல்தியா கெளம்பிடுவீங்க. அம்மா அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம். பைனலுக்குப் போனாத்தான் மத்தியானம் ரெண்டு பேரும் இருப்பீங்க. அத்தையோட கேரியர தொறப்பீங்க."

"அப்ப பைனல்ல ஜெயிக்கலாமில்ல?" என்று கேட்டது உங்கள் தம்பி.

"ஜெயிச்சா அடுத்த போட்டி வெளியூர்லப்பா. ஸ்கூல் சார் மட்டும்தான் கூட்டிக்கினு போவாரு. நீங்க ரெண்டு பேரும் வர மாட்டீங்க."

அண்ணி, உங்களுக்கு இது முதலிலேயே தெரியுமா? தெரிந்துதான் அந்தக் கேரியரை அவ்வளவு பெரிதாக வாங்கினீர்களா? எனக்கு உங்கள் மேலும் சந்தேகம் வருகிறது.

எலும்பு டாக்டரிடம் காட்டினோம். ஓயாமல் ஓடியதால் வந்த வலி, தான் சொல்லும்வரை ஓட்டமே கூடாது என்றார். இரண்டு ஊர் பயிற்சியையும் நிறுத்தியாகிவிட்டது. உங்கள் தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், "செரி" என்றார். அதிலும் எனக்குச் சந்தேகம்தான். இந்த மனுஷன் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே கிடையாது. ஆனால் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

நேற்று கேரியரைக் கழுவித் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். தாரணி காலை நீட்டி உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஓடலன்னா அத எறக்க மாட்டியாம்மா?" என்றாள். பிள்ளையை என்ன கேள்வி கேட்க வைத்துவிட்டோம் அண்ணி! உடனே இறக்கி அவள் மடியில் வைத்துவிட்டு, அவள் எதிரிலேயே உங்கள் தம்பிக்குப் போன் போட்டேன்.

வருகிற ஞாயிறு மயிலம் கோயிலடியில் மூன்று பேரும் சாப்பிடுகிறோம். நடுவழி என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்குத்தான் பக்கம், அதைக் கண்டுபிடித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் திரும்ப ஓடலாம், ஓடாமலே போகலாம். அது அவள் இஷ்டம். ஓடாத பிள்ளைக்கும் உங்கள் கேரியர் திறக்கும் அண்ணி. அதற்கு நான் பொறுப்பு.

எந்தக் கோர்ட்டும் முறிக்க முடியாத உறவில்,
உங்கள் தம்பி மகளின் அம்மா,
மகேஸ்வரி